கிக்குயே தோற்ற கதை

மரவாள் கிக்குயேயின் மணிக்கட்டில் ‘டக்’கென்று இறங்கியது. இன்றைக்கும் அவள்தான் தோற்றாள்.

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடம். காலை ஆறரை மணிக்கு, வீட்டை ஒட்டிய பயிற்சிக் கூடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் வாளோடு எதிரெதிரே நிற்பார்கள். இவாவோ ஜெயிப்பார், கிக்குயே தோற்பாள். ஒரே ஒரு நாளாவது மாறி நடந்ததாக எங்கள் உசுகி ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஜன்னலின் மரச்சட்டங்களுக்கு வெளியே டோஃபு கடை நொபுகோ நின்றிருந்தாள். டோஃபு, அதாவது சோயாப் பால்கட்டி, கொடுக்க வந்தவள்தான். பாத்திரத்தில் தண்ணீர் தளும்பத் தளும்பக் கால் மணி நேரமாக நிற்கிறாள். அவளைக் குறை சொல்வானேன்? சட்டத்துக்குச் சட்டம் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கட்டினால், பார்க்கத்தான் தோன்றும்.

இவாவோ வீட்டோடு மாப்பிள்ளை. ஹாயாமி என்ற குடும்பப் பெயர்கூட மாமனார் போட்டதுதான். ஆனால் இன்று அவர் தெருவில் நடந்தால் முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து, “வணக்கம் வாத்தியாரே!” என்கிறார். இவாவோ ஓர் இருமல் இருமிவிட்டு நகர்ந்துவிடுவார். அடக்கமாம்! மூன்று மாதமாக எங்கள் தபால்காரர், வாள் பழகச் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சுகிறார். அவருக்கும் அதே இருமல்தான்.

பெரியவர் ஹாயாமி, கிக்குயேயின் அப்பா, இப்படியா இருந்தார்? சுற்று வட்டாரத்துக்கே தெரிந்த வாள் ஆசான். பிற்காலத்தில் அவருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற கிக்குயேயிடம் தினமும் தோற்றுக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, பாவம் என்று தெருவே உச்சுக் கொட்டியது.

“பட்டுடுச்சா?” என்றார் இவாவோ.

“கேக்குறதைப் பாரு!” என்று ஜன்னலுக்கு வெளியே முணுமுணுத்தாள் நொபுகோ.

கிக்குயே மணிக்கட்டின் கட்டுத்துணியைப் பல்லால் கடித்து இறுக்கினாள். வீக்கம் விரல்வரை வந்திருந்தது. “உங்களுக்கு நிறுத்தத் தெரியலையே,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

“இன்னும் ஒரே ஒரு தடவை, கிக்குயே.”

“இதான் கடைசி. இதுக்கு மேல என் கை தாங்காது. இதுவும் சரிப்படலைன்னா கூடத்தை இழுத்துப் பூட்டிட்டு நான் பெப்புவுக்குக் கிளம்பறேன்.”

நொபுகோவின் கண் வாசல் பக்கம் ஓடியது. அங்கே, செருப்புகளுக்குப் பக்கத்தில், கட்டி வைத்த பை! பெப்புவில் கிக்குயேயின் தங்கை இருக்கிறாள். அவளும் புருஷன் வேண்டாமென்று வந்தவள்தான்.

நொபுகோவால் பொறுக்க முடியவில்லை. “ஏங்க ஐயா! கட்டினவளை ஒரு நாள் ஜெயிக்க விட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க? அறுபத்தாறு வயசுங்க அக்காவுக்கு!”

இவாவோ திரும்பிப் பார்த்தார். இருமினார்.

“நீ சும்மா இரு, நொபுகோ,” என்றாள் கிக்குயே. “டோஃபுவை அங்கயே வெச்சுட்டுப் போ.”

வைத்தாள். போகவில்லை.

மறுபடியும் எதிரெதிரே நின்றார்கள். கிக்குயே வாளை ஓங்கிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள். ஒவ்வோர் எட்டையும் யாரிடமோ கடன் கேட்டு வாங்கிவந்த மாதிரி இருந்தது. இவாவோ ஒதுங்கினார், அவருடைய வாள் அவள் மணிக்கட்டை நோக்கி விசையாக இறங்கியது. நொபுகோ கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தால், மரவாள் கட்டுத்துணிக்கு மேலே ஓர் அரிசி கனத்தில் அசையாமல் நிற்கிறது. கிக்குயே அந்த இடைவெளியையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் படத்துக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வந்து, இடது கையால் புருஷன் முன்னால் வைத்தாள்.

‘போச்சு!’ என்று வாயைப் பொத்திக்கொண்டாள் நொபுகோ. ‘விவாகரத்துக் காகிதம்! எழுதித் தயாரா வெச்சிருந்திருக்கா!’

இவாவோ வாளைக் கீழே வைத்தார். மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். அவர் தோள்கள் குலுங்கின.

“இப்ப அழுது என்ன பிரயோஜனம்?” என்றாள் நொபுகோ, சத்தமாகவே.

கிக்குயே காதில் போட்டுக்கொள்ளவில்லை. “எங்கப்பா என்கிட்ட தோத்துத் தோத்துத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நானும் உங்ககிட்ட அப்படித்தான். இன்னைக்குத்தான் வாளை மேல படாம நிறுத்தினீங்க; இனி நீங்களும் சொல்லிக் கொடுக்கலாம்னு எழுதி வெச்ச சான்றுதான் இது. எனக்கு அலுத்துப்போச்சுங்க. பத்து நாள் பெப்பு வெந்நீர் ஊத்துல இந்தக் கையை ஊறப்போட்டுட்டு வரேன்.”

இடது கையால் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவள், செருப்பில் கால் நுழைக்கும்போது திரும்பிப் பார்த்தாள்.

“சாயந்திரம் தபால்காரரை வரச் சொல்லியிருக்கேன். அவர்கிட்ட ஒழுங்கா தோத்துப் போங்க, வாத்தியாரே!”