நாலாவது தடவை

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று அவர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

அவர் மனைவி கட்டிலின் பக்கக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் இரண்டு தடவை சொன்னதையே மறுபடியும் சொன்னாள்.

"உணவுக்குழாயோட அடியில கட்டி இருக்காம். பக்கத்துலயும் பரவிடுச்சாம், எடுக்க முடியாதாம். சாப்பாடு இறங்கறதுக்கு மட்டும் கேமரா குழாய் வழியாவே வலை மாதிரி ஒண்ணு வெச்சு விட்டிருக்காங்க."

முதல் தடவை சொன்னபோது அவர் குழந்தை மாதிரி அழுதார். இரண்டாவது தடவை அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்காமல், பேச்சை மாற்ற, "வந்த அவசரத்துல குடையை வேற கவுண்டர்லயே வெச்சிட்டேங்க" என்று எதையோ உளறினாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு "சரி" என்றார், அவ்வளவுதான். குழாயை இறக்கும்போது வாயில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் வளையம் அழுத்தி, உதட்டோரம் சிவந்து கிடந்தது.

உள்ளே போகும்முன் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போன மனுஷன். "எதுவா இருந்தாலும் என்கிட்ட மறைக்கக் கூடாது" என்றார். அவளும் மறைக்கவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யார் கண்டது?

திரையை விலக்கிக்கொண்டு நர்ஸிடம் ஓடினாள்.

"சிஸ்டர், எத்தனை தடவை சொன்னாலும் மறுபடியும் அதையே கேக்கறாரே!"

"மயக்க ஊசி போட்டா சில பேர் அப்படித்தாம்மா. முழிச்சு நல்லாத்தான் பேசுவாங்க, ஆனா சொன்னது மனசுல நிக்காது. இன்னும் ஒரு மணி நேரத்துல சரியாயிடும்."

"அப்ப ஒவ்வொரு தடவையும் அவருக்கு இப்பதான் புதுசா கேக்கற மாதிரி இருக்குமா?"

"ஆமா. அதுவரைக்கும் எதையாவது சொல்லிச் சமாளிங்க."

எதையாவது சொல்வதாம்! பொய் சொல்ல வராது என்பது சிலருக்குப் பெருமை, இவளுக்கு அது வியாதி. "நான் குளிக்கிறேன்னு சொல்லு" என்று அவர் சொல்லி அனுப்பினால், வாசலில் நிற்பவரிடம் "குளிக்கிறாராம்" என்று சொல்லிவிட்டு வருகிறவள். முப்பது வருடமாக அதைச் சொல்லிச் சொல்லியே அவர் சிரித்திருக்கிறார்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மகள்தான், காலையிலிருந்து ஆறாவது தடவை. நிறைமாதக்காரி, ரத்தக் கொதிப்பு வேறு ஏறி நிற்கிறது. நாளை மறுநாள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப்போகிறார்கள், அதுவரை அவளைப் பதற வைக்கிற எதையும் காதில் போடாதீர்கள் என்று அவளுடைய டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எடுத்தால் முதல் வார்த்தையிலேயே எல்லாம் வெளியில் வந்துவிடும். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள்.

கட்டிலுக்குத் திரும்பியபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை விட்ட மாதிரி தெரியலையே. போகும்போது கவுண்டர்ல இருக்கற குடையை மறந்துடாதே."

"சரிங்க" என்று தலையாட்டினாள். அவள் நினைப்பெல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. கடவுளே, இன்னொரு தடவை அது வராமல் இருக்கக் கூடாதா?

வந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

ஒரு மனுஷனை எத்தனை தடவைதான் சாகடிப்பது? சத்தியமாவது மண்ணாவது! ஒரு மணி நேரமாவது அவர் நிம்மதியாக இருக்கட்டும். அழுகையை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையாம். வெறும் புண்ணுதானாம்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க. புண்ணு ஆறினதுல குழாய் சுருங்கிப் போச்சாம், விரிச்சு விட்டுட்டாங்க. ஒரு வாரத்துல நல்லா சாப்பிடலாம். நான்கூட என்னென்னமோ நினைச்சு நடுங்கிப் போயிட்டேன், போங்க!" சிரிக்கக்கூடச் செய்தாள்.

"கட்டி கிட்டி எதுவும்..."

"முதல்ல வாயைக் கழுவுங்க! அதெல்லாம் ஒண்ணும் கிடையாது."

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீர்கூட நின்று நின்று இறங்கிய இந்த இரண்டு மாதத்தில் அவர் சிரித்ததே இல்லை, இப்போது சிரித்தார். "அப்பாடா" என்று தலையணையில் சாய்ந்துகொண்டார். மயக்கம் தெளிந்ததும் இந்தச் சிரிப்பையும் நான்தானே பிடுங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

போன் மறுபடியும் அதிர்ந்தது. திரையில் மகளின் முகம். அவசர அவசரமாக அதை அமுக்கப்போனவளின் கையிலிருந்து, ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய கையால் அவர் அதை வாங்கினார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பி நீட்டினார்.

"நாலாவது தடவைதான் உனக்குப் பொய் ஒழுங்கா வந்திருக்கு. இந்தா, அவகிட்டயும் இதையே சொல்லு."