வரைபடத்தில் ஒட்டிய பொட்டு

“பொட்டை எடும்மா! இது நாட்டோட சுகாதாரத் திட்டம். ஒட்டிவைக்க உன் வீட்டுக் கண்ணாடியா?” என்று கத்தினார் கருத்துக் கேட்க வந்த அதிகாரி.

“ஆஸ்பத்திரி வர்ற ஊருக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வச்சிருக்கீங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்ல. என்னுது இருக்கட்டும் சார்!” என்றாள் பூங்காவனம். வரைபடத்தின்மேல் அழுத்திய விரலை அவள் எடுக்கவேயில்லை. வேடிக்கை பார்த்த நாங்களும் நகரவில்லை. கடைசியில் அவர்தான் அலுத்துப்போய் வரைபடத்தைப் பொட்டோடு சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

திட்டம் அச்சானபோது பொட்டும் புள்ளியாக அச்சாகியிருந்தது. அடுத்த ஆடியில் ஒரு நர்ஸ் பெட்டியோடு படகிலிருந்து இறங்கி, “ஆஸ்பத்திரி எங்கங்க?” என்றாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பூங்காவனம் தன் வீட்டுச் சாவியை நீட்டினாள். அன்றே அக்கரைக்குக் குடிபோனாள், தனக்கு ஆகவே ஆகாத தங்கை புருஷன் வீட்டுக்கு.