இளஞ்சிவப்பு மணிகள்

கிருபாகரனின் வேலைச் சட்டையைத் தோய்க்கப் போடும்போது அதன் பையில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகச் சில மணிகள் கிடைத்தன. ஜெயரூபி ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். சீனி பூசிய பெருஞ்சீரகம்.

"வேலையிலை ஆரோ ரஸ்க் தந்தவை. அதிலையிருந்து கொட்டுப்பட்டிருக்கும்" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கீழ்வீட்டு டச்சுக்காரி மணிகளைக் கண்டதும் சிரித்தாள். பெண் குழந்தை பிறந்தால் ரஸ்க்கில் வெண்ணெய் பூசி இவற்றைத் தூவி, தகப்பன் வேலையிடத்தில் எல்லோருக்கும் கொடுப்பது இங்கே வழக்கம் என்றாள். அப்படியானால் யாரோ ஒருவன் தந்ததாகத்தான் இருக்கும். பிறகு ஏன் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்? கலியாணமாகிப் பதினொரு வருடம். குழந்தை என்ற பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவன்.

மறுநாள் மத்தியானம் அவன் வேலை செய்யும் பூக்கிடங்குக்குப் போனாள். வாசலில் நின்ற டச்சுக்காரரிடம் தான் கிருபாகரனின் மனைவி என்றாள். அவர் அவளுடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"வாழ்த்துகள்! ரஸ்க் நன்றாக இருந்தது. அதற்குள் எழுந்து நடமாடுகிறீர்களே! மகளுக்கு என்ன பெயர்?"

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். பூக்கள் நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கிருபாகரன் அவளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். ஜெயரூபி அவன் பக்கம் திரும்பினாள்.

"கேக்கிறார், சொல்லுங்கோவன். பிள்ளையின்ர பேர் என்ன?"

அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஆரபி" என்றான்.