இருபது நாள் சிலிண்டர்

"இருபதே நாள்ல ஒரு சிலிண்டர் காலியா? ஏன்டி, நீ வீடு நடத்தறியா, ஹோட்டல் நடத்தறியா?"

அக்கா குனிந்து சிலிண்டரைத் தட்டிப் பார்த்தாள். உறவு வட்டாரத்தில் அவளுக்கு 'ஆடிட்டர்' என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயரை அவள் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

லாரி ஓட்டும் தங்கை புருஷனுக்கு ரெண்டு மாதமாகச் சரியாக லோடு கிடைக்கவில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் பாக்கி. "கொஞ்சம் கைமாத்து கிடைக்குமாக்கா?" என்று தங்கை போனில் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். "பணம் இருக்கட்டும். முதல்ல உன் வீட்ல எங்கே ஓட்டைன்னு பார்க்கலாம்" என்று ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஆடிட்டர் வந்து இறங்கிவிட்டாள். சொல்லாமல்தான் வந்தாள். சொல்லிவிட்டு வந்தால் அது ஆடிட்டே இல்லை என்பது அவள் கட்சி.

சிலிண்டர் மாட்டும் அன்றைக்கு அதன் மேல் சாக்பீஸால் தேதி எழுதச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். இப்போது அதை வைத்தே தங்கையை வறுத்தெடுத்தாள்.

"என் வீட்டைப் பார்த்துக் கத்துக்கோ. நாங்க மூணு பேர். ஒரு சிலிண்டர் ரெண்டு மாசம் தாராளமா வருது. எப்படி?"

"எப்படிக்கா?"

"வெந்நீர்ங்கிற பேச்சே என் வீட்ல கிடையாது. மாமனார் முதல்ல முனகினார். 'பச்சைத் தண்ணிதான் மாமா உடம்புக்கு நல்லது'ன்னு ஒரே போடா போட்டேன். இப்போ பழகிட்டார். டீ ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு. அதையும் இப்பல்லாம் கேக்கறதில்லை. விடிஞ்சதும் வாக்கிங் கிளம்பிடறார், வெயில் ஏறினாத்தான் வர்றார். மனுஷன் தங்கம்!"

சொல்லிக்கொண்டே தங்கை கொடுத்த டீயை உறிஞ்சினாள். ரெண்டாவது டீ. "சர்க்கரை இன்னும் ஒரு கரண்டி போடுடி" என்றாள்.

தங்கை அடிக்கடி வாசலைப் பார்த்தாள். அடுப்பில் பெரிய குண்டானில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. ஆடிட்டர் கண் அங்கே போகாமல் இருக்குமா?

"இது யாருக்கு?"

"குளிக்கக்கா."

"யார் குளிக்க? நீ குளிச்சுத் தலையில துண்டோட நிக்கறே. பிள்ளை தூங்குது. உன் புருஷன் லாரியோட எங்கேயோ கிடக்கிறான்."

தங்கை அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள்.

அக்கா விறுவிறுவென்று குளியலறைக்குள் போனாள். சோப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்கத்தான் போனாள். ஜன்னல் ஓரத்தில் ஒரு ஷேவிங் பிரஷ் இருந்தது. முடியில் நேற்றைய சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. தங்கை புருஷனுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தாடி.

பிரஷும் கையுமாக வெளியே வந்தாள். கணக்குப் பார்க்க வந்த இடத்தில் கதை வேறு மாதிரி போனது அவளுக்கு அதிர்ச்சிதான். அதைவிட ருசியாகவும் இருந்தது.

"யாருடி வர்றது?"

"தப்பாப் பேசாதேக்கா."

"தினமும் வர்றானா?"

"வர்றார்."

"மரியாதை வேறயா! உன் புருஷனுக்குத் தெரியுமா?"

"இந்தக் குண்டானை வாங்கிட்டு வந்ததே அவர்தான்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கூறு கெட்டவன்! இப்படியும் ஒரு ஆம்பளையா? இதோ பார். இன்னியோட இந்த வெந்நீர் நிக்கணும். நின்னா, பள்ளிக்கூடப் பணம் மொத்தத்தையும் நான் கட்டறேன். திருப்பித் தரவே வேணாம். இல்லேன்னா ஒரு பைசா பெயராது."

தங்கை உள்ளே தூங்கும் பிள்ளையைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டிவி கனெக்‌ஷனை எடுத்துடறேன்க்கா. வேலைக்கு பஸ் வேண்டாம், நடந்தே போறேன். வேற எதை வேணா நிறுத்தச் சொல்லு. இதை மட்டும் முடியாது."

"ஏன் முடியாது? யாருன்னு சொல்லு முதல்ல."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"ஓஹோ! வாக்குக் கொடுக்கிற அளவுக்குப் போயாச்சா?"

அழைப்பு மணி அடித்தது.

தங்கை பதறிக்கொண்டு ஓடினாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ இரு. எந்த மகாராஜா குளிக்க வந்திருக்கார்னு நானே பார்க்கறேன்." கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு போய்க் கதவைப் படாரென்று திறந்தாள்.

வாசலில் ஒரு கிழவர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழுத்தில் துண்டு, கையில் சோப்பு டப்பா. குளிரில் உடம்பு வெடவெடத்தது. நிமிராமலே பேசினார்.

"இன்னிக்குத் தண்ணி கொஞ்சம் கூடுதலாவே சுடட்டும்மா. குளிர் எலும்பு வரைக்கும் இறங்குது."

பதில் வராததால் நிமிர்ந்தார். எதிரே நின்றது அவருடைய மருமகள்.

சோப்பு டப்பாவை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சும்மா... வாக்கிங் வர்ற வழியில எட்டிப் பார்த்தேன். வெந்நீரெல்லாம் எதுக்கும்மா?" என்றார் மாமனார், பற்கள் தந்தியடிக்க. "நீ சொல்றதுதான் சரி. பச்சைத் தண்ணிதான் உடம்புக்கு நல்லது."