இருபது அடி கட்டர்

"பதினாலு அடியே போதும், மாமா. மாட்டினோமா, ரோட்டுல ஏறினோமான்னு போயிட்டே இருக்கலாம்."

மாப்பிள்ளை மூன்றாவது முறையாகச் சொன்னான். மாமனார் மூன்றாவது முறையாகத் தொண்டையைச் செருமினார். எதைப் பேசுவதற்கு முன்பும் செருமுவதால் அவருக்கு ஊரில் 'சேர்மன்' என்று பெயர். மற்றபடி அவர் எதற்கும் தலைமை தாங்கியதில்லை.

விற்பனைக் கூடத்தின் பின்முற்றத்தில் கட்டர்கள் வரிசையாகக் கிடந்தன. அறுவடை இயந்திரத்தின் முகப்பில் மாட்டி, பயிரை வெட்டி உள்ளே தள்ளுகிற, பல் வைத்த நீளமான பகுதி. இயந்திரம் போன வாரமே வீட்டுக்கு வந்துவிட்டது. முகம்தான் இன்னும் வாங்கவில்லை.

"இருபது அடிதான்," என்றார் சேர்மன். "நாலு பேர் பாத்தா ஒரு இது வேணாமா?"

"எது மாமா?"

"அதான்... ஒரு இது."

விற்பனையாளர் சேர்மனைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தும் அதே அளவு ஆட்டினார்.

"உங்க மெஷின் ரெண்டையும் தாங்கும் சார். வயல் பெருசுன்னா இருபது, ரோடு குறுகல்னா பதினாலு."

"வயலும் பெருசு, ரோடும் குறுகல்," என்றான் மாப்பிள்ளை.

"அப்ப ரெண்டுமே நல்ல செலக்‌ஷன் சார்."

மாப்பிள்ளை அவரை விட்டுவிட்டு மாமனாரிடம் திரும்பினான். "இருபது அடிய மாட்டிக்கிட்டு ரோட்டுல போக முடியாது மாமா. ஒவ்வொரு தடவையும் கழட்டணும். ட்ரெய்லர்ல நீளவாக்குல ஏத்தி, மெஷினுக்குப் பின்னாடி கட்டி இழுக்கணும். வளைவுல திரும்பினா ரோட்டையே அடைச்சுக்கும். எதிர்ல வர்றவங்கள நிறுத்த முன்னாடி ஒரு வண்டி போயாகணும். பதினாலுன்னா நான் ஒருத்தனே பாத்துப்பேன். நீங்களும் அத்தையும் வீட்ல ஜம்முனு இருங்க."

சேர்மனின் முகம் சுருங்கிவிட்டது. சிமென்ட் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியார் மட்டும், எதுவும் காதில் விழாதவர்போல் எதிரே கிடந்த கட்டரின் பற்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்கு விஷயம் புரிந்தது. கட்டர் வெறும் சாக்கு. இந்த அறுவடையில் தனக்கும் ஒரு வேலை வேண்டும், வீட்டில் முடங்கக் கூடாது. மாமா கேட்பது அதைத்தான்.

"எங்க மொத மெஷினுக்கு இருபது அடிதான், மாப்ளே." சேர்மன் மேடையில் நிற்பவரைப்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "விடிகாலையில கெளம்பினா, முன்வண்டிக்கு எதிர்ல ரோடு அப்பத்தான் தொடச்சு வச்ச மாதிரி கெடக்கும். வளைவுல எறங்கி நின்னு சிவப்புத் துணிய ஆட்டினா பஸ்ஸே பின்னாடி போகும். டிரைவர் திட்டுவாரு. திட்டி முடிச்சிட்டு, கெளம்பறப்ப ஹாரன் அடிச்சு ஒரு சலாமும் வச்சுட்டுப் போவாரு. அப்புறம் அந்த... அந்த..."

"மரப்பாலம்," என்றார் மாமியார், பற்களிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மரப்பாலம்! ரெண்டு பக்கமும் ஒரு சாண்தான் மிச்சம். மொதல்ல நடந்துபோய்ப் பலகைய மிதிச்சுப் பாக்கணும். அப்புறம் கை காட்டணும். அவ்வளவு பெரிய மெஷின், அந்த ஒரு கைய நம்பி ஊர்ந்து வரும். அதைத் தாண்டிட்டு ஃப்ளாஸ்க்குல இருக்கற டீய ஊத்திக் குடிச்சா... அந்த டீ மாதிரி அப்புறம் ஒரு டீ குடிச்சதே இல்ல."

இந்த இடத்தில் அவர் குரல் நிஜமாகவே கரகரத்தது. விற்பனையாளர்கூடத் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"அப்புறம் சின்ன கட்டர் வந்துச்சு. முன்வண்டி தேவையில்லாமப் போச்சு. பதினெட்டு வருஷமாச்சு. வாசல்ல நின்னு மெஷின் போறதப் பாக்கறதோட சரி."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். பெண் எடுத்த இந்த எட்டு வருடங்களில், மாமாவுக்கு வெறும் பந்தா என்றுதான் நினைத்திருந்தான். உள்ளே இப்படி ஓர் ஏக்கம் கிடப்பதை அவன் விசாரித்ததே இல்லை.

"சார், இருபதே எழுதுங்க," என்றான். "ட்ரெய்லரும் சேத்து."

விற்பனையாளர் பேனாவைத் திறந்தார்.

"நம்ம ஜீப்பையே முன்வண்டியா வச்சுக்கலாம் மாமா. அந்த சீட்டு உங்களுக்குத்தான். யாரும் கேக்க மாட்டாங்க, போதுமா?"

சேர்மன், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கும் பையனைப்போல, மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ சொல்லிக்குடுத்த எல்லாத்தையும் சொல்லிட்டேனாம்மா?"

மாமியார் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "டீ வரைக்கும் சரியாத்தான் சொன்னீங்க," என்றவர், மாப்பிள்ளையிடம் கையை நீட்டினார். "ஜீப் சாவிய எங்கிட்டக் குடுங்க மாப்ளே. அத்தனை வருஷமும் பின்னாடி மெஷின்ல உக்காந்து என் கையப் பாத்தே வந்த மனுஷன், அவருக்கு வழி எங்க தெரியும்?"