ஒன்பது குழிகள்

கையும் களவுமாகப் பிடிபட்டார் அந்த அம்மாள். கையில் வளைந்த ஸ்பூன், நகக்கண் எல்லாம் ஈரச் சுண்ணாம்பு.

"மூணு நாளா என் உயிரை வாங்கினது நீங்கதானா?" என்று பாய்ந்தார் மேஸ்திரி. போர்க்களத்து வெற்றித்தூணைப் புதுப்பிக்கும் பொறுப்பு அவருடையது. காலையில் அவர் சாந்து குழைத்து அடைக்கிற குழிகளை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ தோண்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்று சாப்பிடப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்.

நாளைக்குத் திறப்பு விழா. ஒரு குழி தெரிந்தாலும் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் மேஸ்திரி வேலையில் புலி. அறுபது வருஷ வெயிலும் மழையும் தின்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வெட்டி எடுத்தவர். பீடத்தில் 'போர் முடிந்த மூன்றாம் நாள் நாட்டப்பட்டது' என்ற வரியில், அந்த 'மூ'வின் சுழிக்கே அரை நாள் உட்கார்ந்தார். எழுத்து வெட்டுகிறவர் கண் கோட்டிலும் வளைவிலும்தான் இருக்கும்.

"போலீஸைக் கூப்பிடவா?"

"கூப்பிடு. ஆனா இந்த ஒன்பது குழியை மட்டும் விட்டுடு தம்பி."

அப்போதுதான் அவர் கவனித்தார். தூண் முழுக்க மழை அரித்த பள்ளம் நூறு இருக்க, அந்த அம்மாள் தொட்டது ஒன்பதே ஒன்பது. எல்லாம் மார்பளவு உயரத்தில், ஒரே வரிசையில்.

"அது குண்டு பட்ட இடம்மா. அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"எங்கப்பா தோத்த பக்கத்துச் சிப்பாய். கையைத் தூக்கிட்டு வந்தவங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டோம்னு ஜெயிச்சவங்க எழுதி வெச்சிருக்காங்க. அப்பா வரலையே! எவளையோ இழுத்துக்கிட்டு ஓடிட்டாருன்னு ஊரே பேசிச்சு. சாகிற வரைக்கும் எங்கம்மா தலை நிமிரலை."

மேஸ்திரிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இன்ஜினியரின் ஜீப் கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. பதறிப்போய்க் கரண்டியில் சாந்தை அள்ளினார்.

"அதுக்கும் இந்தக் குழிக்கும் என்னம்மா சம்பந்தம்? சண்டைன்னா கல்லுலயும் குண்டு படத்தான் செய்யும்."

அந்த அம்மாள் ஸ்பூனால் பீடத்தைக் காட்டினார். தன் கையாலேயே வெட்டிய வரியை, மேஸ்திரி முதல் தடவையாக முழுசாக வாசித்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"சண்டை முடிஞ்சப்புறம் இங்க யாரை நிக்க வெச்சு சுட்டாங்க தம்பி?"