சேற்றுக்கு அடியில் ஓர் எண்

பழைய எஸ்யூவியை வாங்க வந்த தணிகாசலம், நம்பர் பிளேட்டின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"ஒன்பது வருகிறது. என்னைப் பார்த்துத்தான் வாங்குகிறார், அண்ணே," என்றது நம்பர் பிளேட்.

அடிச்சட்டத்தில் சேறு மூடிக் கிடந்த சேஸிஸ் எண் பெருமூச்சு விட்டது. "பிரேக்கை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பெனி திரும்ப அழைத்த வண்டி இது, தம்பி. என்னைச் சொல்லி விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்."

"நல்ல நேரத்தில் அபசகுனமாகப் பேசாதீர்கள்."

தணிகாசலம் பணத்தை எண்ணிக் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் மாதம், மலைப்பாதை வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. தணிகாசலத்தை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, அதிகாரி ஒருவர் குனிந்து சேற்றைத் துடைத்து, எழுத்தும் எண்ணுமாக இருந்த பதினேழு குறிகளையும் நிதானமாகப் படித்தார்.

"இப்போதாவது உங்களைப் பார்த்தார்களே, அண்ணே," என்றது நசுங்கிய நம்பர் பிளேட்.

மறுபடியும் சேறு வந்து மூடாதா என்றிருந்தது சேஸிஸ் எண்ணுக்கு.